பக்க அமைப்பும் பொய் சொல்லுமா?

பள்ளி ஆண்டு மலர் ஒன்று எதனால் சிறந்து விளங்குகிறது என்னும் கேள்வி, மேலோட்டமாகப் பார்த்தால், அச்சகத்தாருக்கும் ஓவிய ஆசிரியருக்கும் உரியது. தாளின் தரம், வண்ணத்தின் பொலிவு, எழுத்தின் அழகு, படங்களின் தெளிவு என்று அவர்கள் விடை சொல்லிவிடுவார்கள். அறநெறிக்கு இங்கே என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம், சென்ற கல்வியாண்டின் இறுதியில் ஒரு பிற்பகல் வரை.

அன்று நம் பங்குப் பள்ளியின் ஆண்டு மலர் அச்சகத்திலிருந்து வந்து இறங்கியது. சிறிய சரக்கு வண்டியில் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தவருக்கு வயது முப்பத்து நான்கு அல்லது ஐந்து இருக்கலாம். கட்டுகளை இறக்கி, ரசீதில் கையொப்பம் வாங்கிய பின்னும் அவர் போகாமல் நின்றார்.

“சாமிக்கு என்னை அடையாளம் தெரியலையா?”

தெரியவில்லை. தம் பெயரைச் சொன்னார். நாம் முன்பு பணியாற்றிய பங்கின் பெயரையும் சொன்னார். அப்போதும் நினைவு தெளியவில்லை.

“அங்க ஒன்பதாவது வரைக்கும் படிச்சேன் சாமி. மறு வருசம் பொன்விழா வந்துச்சு. அந்த மலர் சாமிகிட்ட இருக்குமா? நான் எங்கயாச்சும் இருக்கேனான்னு பாக்கணும்.”

2007ஆம் ஆண்டின் அந்தப் பொன்விழா மலர் நம் அலமாரியில் இருந்தது. அதைப் பெருமையுடன் பாதுகாத்து வந்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அப்பள்ளியின் தாளாளர் என்ற முறையில் அதன் உருவாக்கத்தில் நமக்குப் பெரும்பங்கு உண்டு. அட்டையில் பள்ளிக் கட்டடம். உள்ளே ஆசியுரைகள், வாழ்த்துரைகள். அவற்றை அடுத்து ஒரு முழுப் பக்கத்தில், பொன்னிற மையில், பத்தாம் வகுப்புத் தேர்வில் நூறு விழுக்காடு தேர்ச்சி என்ற அறிவிப்பு. அவர் அப்பக்கத்தை விரைந்து புரட்டினார். பத்தாம் வகுப்பு மாணவரின் குழுப்படத்தில் சற்று நின்றார். அதில் தாம் இல்லை என்பது அவருக்குத் தெரியாததன்று. பிறகு, விழா அரங்கிற்கு அடிக்கல் நாட்டிய நாளின் படங்கள் வந்தன. ஒரு படத்தில் விரலை வைத்தார். சிறப்பு விருந்தினரின் கழுத்து மாலைக்குப் பின்னால் ஒரு சிறுவனின் பாதி முகம் தெரிந்தது.

“இது நான்தான் சாமி. அன்னைக்கு நாங்கதான் செங்கல் தூக்கினோம்.”

தம் மகளுக்குக் காட்டுவதற்காக அந்தப் பாதி முகத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் குரலில் குறையேதும் இல்லை. குறை இருந்திருந்தால் நமக்கு ஓரளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். ஒன்பதாம் வகுப்பின் முடிவில் மாணவர் மூவருக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பியிருந்தோம். ‘இங்கே இருந்தால் தேறமாட்டான், வேறெங்காவது சேர்த்துப் பாருங்கள்’ என்று பெற்றோரிடம் சொல்லப்பட்டது. பொன்விழா ஆண்டில் தேர்ச்சி விழுக்காடு குறையக் கூடாது என்பது எவரும் எழுதி வைக்காத, எல்லாரும் அறிந்திருந்த காரணம். நாமும் அறிந்திருந்தோம். சரக்கு வண்டி ஓட்டும் அந்த மனிதர் அதன்பின் வேறெந்தப் பள்ளியிலும் சேரவில்லை.

அவர் சென்ற பிறகு அந்தப் பொன்னிறப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் அச்சாகியிருந்த ஒவ்வொரு சொல்லும் உண்மை. தேர்வு எழுதிய அனைவரும் தேறினர் என்பது அரசு ஆவணங்களிலும் உள்ள செய்தி. ஆயினும் அந்தப் பக்கம் பொய் சொல்கிறது என்று நம் மனம் சொல்லிற்று. சொற்கள் எல்லாம் உண்மையாக இருக்க, பக்கம் மட்டும் எப்படிப் பொய் சொல்ல முடியும்?

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது, புனித தாமஸ் அக்குவினாஸ் பொய்யைப் பற்றி ஆராயும் பகுதியைத் தேர்வுக்காக மனனம் செய்தோம். தேர்வுக்காகப் படித்தவை வாழ்க்கைக்கு வர முப்பது ஆண்டுகள் ஆகின்றன. தம் இறையியல் தொகுப்பில், பொய்யை ஆராய்ந்த உடனே அவர் போலித்தனத்தை எடுத்துக்கொள்கிறார். மனிதர் சொல்லால் மட்டும் பொருள் உணர்த்துவதில்லை. செயலாலும் பிற அடையாளங்களாலும் உணர்த்துகின்றனர். எனவே, உள்ளத்தில் இருப்பதற்கு மாறானதை அடையாளத்தால் உணர்த்துவதும் பொய்யின் இனத்தைச் சேர்ந்ததே என்பது அவர் கருத்து. அவர் கண்டிப்பானவர்தான், எனினும், உண்மை அனைத்தையும் எல்லாரிடமும் சொல்லியாக வேண்டும் என்று அவர் கோரவில்லை. அறிவுடைமையோடு ஒன்றைச் சொல்லாமல் வைத்திருப்பதற்கு இடமளிக்கிறார்.

ஆண்டு மலரின் பக்க அமைப்பு என்பது முழுக்க முழுக்க அடையாளங்களால் ஆன மொழி. எது முன்னே, எது பின்னே. எது முழுப் பக்கம், எது தபால்தலை அளவு. எது வண்ணம், எது கறுப்பு வெள்ளை. ஒரு சொல்லும் இல்லாமலே இவை பேசுகின்றன. எழுத்துப் பிழையைத் திருத்த மெய்ப்புப் பார்ப்பவர் இருக்கிறார். அளவுப் பிழையைத் திருத்த எவரும் இல்லை. ‘நம்மிடம் வந்த பிள்ளைகள் அனைவரையும் கரை சேர்த்தோம்’ என்று அந்தப் பொன்னிறப் பக்கம் சொல்லிற்று. அவ்வாறு எழுதச் சொல்லியிருந்தால் நம் கை கூசியிருக்கும். இங்கே ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். பெருந்தொற்றுக் காலத்தில், 2020-21ஆம் கல்வியாண்டில், நம் மாநிலத்தின் பத்தாம் வகுப்பு மாணவர் அனைவரும் தேர்வின்றியே தேர்ச்சி பெற்றனர். எல்லாப் பள்ளிகளிலும் நூறு விழுக்காடு. அதை எந்தப் பள்ளியும் பொன்னிற மையில் அச்சிட்டதாக நாம் காணவில்லை. எல்லாருக்கும் கிடைத்த நூற்றுக்கு நூறு எவருக்கும் பெருமையாகத் தோன்றவில்லை போலும்.

பழைய மலர்கள் இவ்வகையில் குற்றமற்றவை என்று சொல்ல வரவில்லை. எனினும் அவற்றின் வறுமையே அவற்றுக்கு ஒரு நேர்மையைத் தந்தது. நாம் குருமடத்தில் ஆண்டு மலர்ப் பணியில் உதவிய நாளில், கம்பாசிட்டர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்தார். ஒரு படம் வேண்டுமாயின் அதற்குத் துத்தநாகத் தகட்டில் ‘பிளாக்’ செய்ய வேண்டும். அதன் விலை பரப்பளவைப் பொறுத்தது. படங்களை ஆர்ட் தாளில் தனியே அச்சிட்டு நடுவில் சேர்த்துத் தைப்பார்கள். ஆகவே தனி மனிதர் படத்துக்குப் பணம் கிடையாது, குழுப்படத்துக்கே உண்டு. ஐம்பது முகங்களுக்கு ஒரு பிளாக்.

அக்குழுப்படத்தின் இலக்கணத்தை வாசகர் அனைவரும் அறிவர். முன்னே நாற்காலிகள், நடு நாற்காலியில் தாளாளர், அவருக்கு இருபுறமும் தலைமையாசிரியரும் வகுப்பாசிரியரும். பின்னே உயர வரிசைப்படி நிற்போர். கடைசி வரிசைக்குப் பெஞ்சு. தரையில் சம்மணமிட்டுச் சிறுவர். கீழே, அமர்ந்திருப்போர் இடமிருந்து வலமாக, நிற்போர் முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று பெயர்கள். அமர்ந்திருப்போரின் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் இருக்கும்; நிற்போருக்குத் தலைப்பெழுத்து மட்டும். இதுவும் ஏற்றத்தாழ்வுதான். ஆயினும் கடைசி வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றவனுக்கும் அதில் ஒரு பெயர் இருந்தது. எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் தம் பள்ளி மலரைக் கொண்டுவந்து, மதிப்பெண்ணைப் பற்றி ஒன்றும் பேசாமல், அந்த வரிசைகளில் விரலை ஓட்டி, ‘இவன் பட்டாளத்துக்குப் போனான், இவனுக்கு நல்ல குரல், இவன் எங்கே என்றே தெரியவில்லை’ என்று சொல்லிக்கொண்டே போனதை நாம் கேட்டிருக்கிறோம். மலரில் உள்ள கட்டுரைகளை அவர் ஒருமுறையும் படித்திருக்கமாட்டார் என்பது நம் ஐயம்.

இன்றோ வண்ணம் மலிவாகிவிட்டது. கணினியில் ஒரு படத்தை வெட்டுவதும் பெருக்குவதும் நொடிப்பொழுதின் வேலை. பறக்கும் கருவியால் பள்ளிக் கட்டடத்தை வானிலிருந்தும் படம் எடுக்கிறார்கள். அப்படங்களில் பிள்ளைகள் எறும்புகளாய்த் தெரிகிறார்கள். முதல் மதிப்பெண் பெற்றவரின் முகம் ஒரு முழுப் பக்கத்தை நிறைக்கிறது. எதையும் பெரிதாக்க முடியும் என்ற நிலை வந்தபோது, எதைப் பெரிதாக்குவது என்ற கேள்விக்கு நாம் விடை சொல்லியே ஆகவேண்டியதாகிவிட்டது. வறுமை நம் சார்பில் சொல்லிவந்த விடை இப்போது இல்லை.

நேர்மையான பக்க அமைப்பு எப்படி இருக்கும் என்று தேடியபோது, வெகு தொலைவில், பொய் சொல்வதற்கு எல்லாக் காரணங்களும் இருந்த ஓரிடத்தில், மாணவர் உருவாக்கிய மலர்களைப் பற்றி அறிய நேர்ந்தது. அந்த இடம் கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் உள்ள மன்சனார்.

1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பிப்ரவரி 19 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையொப்பமிட்டார். அதன் விளைவாக, நாட்டின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு, கடை, வயல் அனைத்தையும் விட்டுப் பத்து முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். மன்சனார் அப்பத்தில் ஒன்று. பத்தாயிரம் பேர் அங்கே முள்வேலிக்கும் காவற்கோபுரங்களுக்கும் நடுவே வைக்கப்பட்டனர். கத்தோலிக்க மேரிநோல் சபையின் இல்லத்தில் வளர்ந்த ஆதரவற்ற குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர் என்பதை வாசிக்கையில் மனம் கனக்கிறது. தாய் தந்தையற்ற குழந்தையால் எந்த நாட்டுக்கு என்ன ஆபத்து?

முகாமுக்குள் ஒரு பள்ளி நடந்தது. அமெரிக்கப் பள்ளிகளின் வழக்கப்படி அப்பள்ளியின் மாணவரும் ஆண்டு மலர் வெளியிட்டனர். 1944ஆம் ஆண்டு மலருக்கு ‘நம் உலகம்’ என்று பொருள்படும் பெயர். 1945ஆம் ஆண்டு மலருக்கு ‘விடைபெறல்’ என்று பொருள்படும் பெயர். படம் எடுத்தவர் தோயோ மியதாக்கே. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சொந்த நிழற்பட நிலையம் வைத்திருந்தவர். முகாமில் இருந்தோர்க்கு நிழற்படக் கருவி தடை செய்யப்பட்டிருந்தது. அவர் ஒரு வில்லையை மறைத்து எடுத்துச் சென்று, அதற்கு மரப்பெட்டி ஒன்றைச் செய்வித்துக் கருவியாக்கிக் கொண்டார். பின்னர் முகாம் நிர்வாகி இசைவளித்தபோதும், அவர் கருவியைச் சரிசெய்து வைக்க, வெள்ளையர் ஒருவர் வந்து விசையை அழுத்த வேண்டும் என்று முதலில் விதி இருந்தது. அக்கட்டுப்பாடு பின்னர் தளர்ந்தது.

அந்த மலர்களில் எந்த அமெரிக்கப் பள்ளியின் மலரிலும் காணப்படுபவையே பெரும்பாலும் உள்ளன. வரிசை வரிசையாக மாணவர் முகங்கள், மன்றங்கள், விளையாட்டுக் குழுக்கள், ஆசிரியர்கள். முகங்கள் சிரிக்கின்றன. இந்தச் சிரிப்பு நம்மைத் தயங்க வைக்கிறது. சிறைப்பட்ட பிள்ளைகள் சிரித்தபடி நிற்கும் மலரும் நம் பொன்னிறப் பக்கத்தைப் போன்றதுதானா? அரசு தன் முகாம்களைச் சிறுவர் விடுதி போலக் காட்டிக்கொள்ள அது உதவியிருக்காதா? உதவியிருக்கவும் கூடும். இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது.

ஆனால் ‘விடைபெறல்’ மலரில் ஒரு படம் உண்டு. ஒரு கை, வெட்டும் குறட்டைப் பிடித்திருக்கிறது, குறட்டின் வாயில் முட்கம்பி, பின்னே காவற்கோபுரம். முகம் இல்லை, பெயர் இல்லை. அது திட்டமிட்டு அமைத்து எடுக்கப்பட்ட படம். அப்படியாயின் அதுவே அன்றோ பொய்? நடக்காததை நடந்ததாகக் காட்டுகிறதே! அக்குவினாஸ் வழியில் நின்று பார்த்தால் விடை வேறு. படம் எடுத்தவரின் உள்ளத்தில் இருந்ததற்கு மாறாக அந்த அடையாளம் எதையும் உணர்த்தவில்லை. அம்முகங்கள் எங்கே நின்று சிரித்தன என்பதைச் சொல்ல ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தது. அது ஒன்றால் மற்ற எல்லாப் பக்கங்களின் சிரிப்பும் பொருள் மாறுகிறது. சிறை தந்த சிரிப்பு அன்று அது, சிறையிலும் அவர்கள் விடாமல் வைத்திருந்த சிரிப்பு. நம் பொன்விழா மலரிலும் மகிழ்ச்சியான பக்கங்கள் பல உண்டு. இத்தகைய ஒரு பக்கம் இல்லை. 1988இல் அமெரிக்க அரசு சட்டத்தின் வழியே மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்க முன்வந்தது. அந்த மாணவர் தம் மலரில் அதற்கு 43 ஆண்டுகளுக்கு முன்பே அச்சிட்டிருந்தனர்.

அமெரிக்க ஆண்டு மலர்களில் மற்றொரு வழக்கமும் நம் கவனத்தைக் கவர்ந்தது. வகுப்புப் படங்களின் இறுதியில், படம் எடுத்த நாளில் வராதவர்களின் பெயர்களைத் தனியே அச்சிடுகிறார்கள். முகம் இல்லை, பெயர் மட்டும். மிகச் சிறிய எழுத்து. அதற்கு ஒரு வரி போதும். நம் மலர்களில் அந்த ஒரு வரிக்கு இடமில்லை என்று எந்த அச்சகத்தாரும் சொல்லமாட்டார். மத்தேயு தம் நற்செய்தியை ஒரு பெயர்ப் பட்டியலோடு தொடங்குகிறார். தாமாரும் இராகாபும் ரூத்தும் அதில் இருக்கிறார்கள், உரியாவின் மனைவியும் இருக்கிறார். நம் விழாக்குழுவின் கையில் அப்பட்டியல் கிடைத்திருந்தால் அந்த நான்கும் வெட்டப்பட்டிருக்கும் என்றே அஞ்சுகிறோம்.

விடுபட்டோரைச் சேர்த்துவிட்டால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. சேர்ப்பதிலும் ஒரு வன்முறை உண்டு. சரக்கு வண்டியில் வந்து இறங்கிய அதே புதிய மலரில், ஏழை மாணவி ஒருவரின் சாதனையைப் பற்றி உருக்கமான கட்டுரை இருந்தது. ஓலைக் குடிசையின் முன் அவரும் அவர் தாயும் நிற்கும் படம். தந்தையின் குடிப்பழக்கம் பற்றி ஒரு பத்தி. எழுதிய ஆசிரியை நல்லெண்ணத்தோடுதான் எழுதினார்; படித்த பலர் கண்ணீர் விட்டனர்; கொடையாளர் ஒருவர் உதவவும் முன்வந்தார். அந்த மாணவி மட்டும் தம் படியை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல் வகுப்பறையிலேயே விட்டுச் சென்றார் என்று பின்னர் அறிந்தோம். கதை உண்மைதான். ஆனால் அது அவருடைய கதை. அதை எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது என்று அவரைக் கேட்டிருக்க வேண்டும். அக்குவினாஸ் சொல்லாமையை ஏன் மதித்தார் என்பதை அவர் விட்டுச் சென்ற அந்தப் படியே நமக்கு விளக்கிற்று.

இதற்கு எதிர்முனையில், பெருந்தொற்றுக்குப் பின் வந்த மலரில் ஏழாம் வகுப்புச் சிறுவன் எழுதிய அரைப் பக்கம் நமக்கு மறப்பதில்லை. வீட்டில் ஒரே கைப்பேசி, பிள்ளைகள் மூவர். அக்காவுக்குப் பொதுத்தேர்வு என்பதால் முதல் உரிமை அவளுக்கு. தன் வகுப்பு நேரத்தில் கைப்பேசி அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். மாலையில் தம்பி, படம் பார்க்க அழுவான். ‘ஆகையால் நான் வேப்பமரத்தில் எத்தனை கிளி வருகிறது என்று எண்ணினேன்’ என்று முடித்திருந்தான். தன் வறுமையை அவன் ஒரு சொல்லாலும் சொல்லவில்லை, எல்லாம் தெரிந்தது. அவ்வாண்டைப் பற்றி இதைவிட மெய்யான பதிவை நாம் வேறெங்கும் படிக்கவில்லை. ஆனால் அது மலரின் எந்தப் பக்கத்தில் இருந்தது தெரியுமா? நகைக்கடை விளம்பரம் ஒன்றின் கீழே, மீதமிருந்த இடத்தில்.

அடுத்த மலருக்கான குழு ஆகஸ்டு மாதம் கூடியது. அச்சகத்தின் இளைஞர் பல மாதிரிகளைக் காட்டினார். எல்லாம் கண்ணுக்கு இனியவை. அவர் திறமையில் குறை காண நமக்குத் தகுதி இல்லை. வாழ்த்துரைகளை ஒரே பக்கத்துக்குள் அடக்கலாம் என்றும், வகுப்புக் குழுப்படங்களை முன்னே கொண்டுவரலாம் என்றும் நாம் சொன்னபோது, வாழ்த்துரை வழங்குவோர் வருந்துவார்களே என்று ஆசிரியர் ஒருவர் கவலைப்பட்டார். அவர்கள் வருந்தத்தான் செய்வார்கள். துப்புரவுப் பணியாளர், சமையற்கூடத்தார், இரவுக் காவலர் ஆகியோரின் படம் ஆசிரியர் படத்தோடு ஒரே பக்கத்தில் வரவேண்டும் என்றபோது எவரும் மறுக்கவில்லை. ஆனால் எவரும் உற்சாகம் காட்டவும் இல்லை. தேர்ச்சி விழுக்காட்டுப் பக்கம் பற்றிய பேச்சு முடிவின்றி நின்றது. அது இல்லாவிட்டால் புதிய சேர்க்கை குறையும் என்றார் தலைமையாசிரியர். அவர் சொன்னது கற்பனை அச்சமன்று. பள்ளி நடந்தால்தான் மலர் வரும்.

அன்று மாலை, குழு கலைந்த பின், நாம் இரண்டு மலர்களை மேசைமேல் விரித்து வைத்தோம். ஒன்று முந்தைய ஆண்டினது, மற்றது வண்டியில் வந்து இறங்கியது. முன்னதில் ஒன்பதாம் வகுப்பின் குழுப்படம். பின்னதில் அதே பிள்ளைகள் பத்தாம் வகுப்பில். வரிசை வரிசையாக விரல் வைத்து எண்ணினோம். முதற்படத்தில் நாற்பத்து மூன்று பேர். இரண்டாவதில் நாற்பத்தொருவர். தவறாக எண்ணிவிட்டோமோ என்று மறுமுறையும் எண்ணினோம். பிறகு கீழே உள்ள பெயர்களை ஒப்பிட்டு, இல்லாத இரு பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டோம்.

மறுநாள் தலைமையாசிரியரிடம் அத்தாளைக் கொடுத்தோம். ஒரு மாணவியின் குடும்பம் பிழைப்புக்காகத் திருப்பூருக்குப் போய்விட்டது என்று உடனே சொன்னார். மற்றவன் பெயரைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். இதை எழுதும் இந்த நாள் வரை அவர் இன்னும் சொல்லவில்லை. அந்தப் பையனின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று உபதேசியாரிடம் கேட்டு வைத்திருக்கிறோம்.